கையால் அடித்த இரும்புப் பரிசில் பெயரெழுத்து: சூட்டில் அடிப்பதா, ஆறிய பிறகா?

நீங்கள் முக்கியமாகக் கேட்டது இரண்டு கேள்வி. நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுக்க உலையில் காய்ச்சிக் கையால் அடித்த சுவர்க்கொக்கிகளிலும் இலை வடிவச் சாவிக்கொத்துகளிலும் அவரவர் பெயரின் முதலெழுத்துகளை லெட்டர் பஞ்ச், அதாவது முனையில் ஓர் எழுத்து வெட்டிய எஃகுத் தண்டு, வைத்துப் பதிக்க வேண்டும். அதை இரும்பு சிவந்திருக்கும்போது அடிப்பதா, ஆறிய பிறகு அடிப்பதா என்பது ஒன்று. இதைவிடக் கனமான சுத்தியல் வாங்கினால் சரியாகிவிடுமா என்பது இன்னொன்று. ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒத்திகைக்காக ஒரு பட்டைத் துண்டில் அடித்தபோது எழுத்து பளிச்சென்று விழுந்தது, கொக்கியில் அடித்தபோது பாதிதான் விழுந்தது, இன்னொரு கொக்கியில் இரட்டையாக விழுந்தது. உண்மையான கேள்வி அதுதான். அதே பஞ்ச், அதே சுத்தியல், அதே கை. பிறகு ஏன் இந்த வேறுபாடு? அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் கூடவே தீர்ந்துவிடும். நெடுங்காலமாக உலை வேலை செய்கிறவன் என்ற முறையில் சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் எழுத்தை வேலையின் கடைசிக்கு வைத்திருக்கிறீர்கள். அது நடுவில் வர வேண்டியது.

பஞ்ச் இரும்பைச் சுரண்டி எடுப்பதில்லை, ஒதுக்கித் தள்ளுகிறது. அதன் முகத்தில் எழுத்து இடவலம் மாறி, கூரிய முகடாக நிற்கும். அடி விழும்போது அந்த முகடு இறங்கி, இரும்பை இரண்டு பக்கமும் பிதுக்குகிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற எழுத்துக்குக் கால் மில்லிமீட்டர் ஆழம் போதும். இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலையில் உருட்டி வந்த பட்டை மட்டமாக இருக்கும். கையால் அடித்த பரப்பிலோ சுத்தியல் விழுந்த ஒவ்வொரு இடமும் ஒரு சிறு குழி. அந்தக் குழியே கால் மில்லிமீட்டரை எளிதாகத் தாண்டிவிடும். 4 மில்லிமீட்டர் எழுத்தின் ஒரு கால் மேட்டிலும் இன்னொரு கால் பள்ளத்திலும் நின்றால், மேட்டிலிருப்பது முழு ஆழத்துக்கு இறங்கிய பிறகுதான் பள்ளத்திலிருப்பது இரும்பைத் தொடவே தொடங்கும். கனமான சுத்தியல் இங்கே என்ன செய்யும்? மேட்டுப்பக்கத்தை இன்னும் ஆழமாக்கும், அவ்வளவுதான். ஆகவே எழுத்து வரப்போகிற இடத்தை மட்டுமாவது, ஒரு சிறு நெற்றிப் பொட்டு அளவுக்கு, மட்டமாக்கியே ஆக வேண்டும். அடித்த தழும்புகள்தான் அழகு என்று நினைத்தால் மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்கட்டும். தழும்புகளுக்கு நடுவே ஒரு மட்டமான இடமும் அதில் எழுத்தும் இருப்பது என் கண்ணுக்கு எப்போதும் நன்றாகவே இருக்கிறது.

மேற்பரப்பு பாதிக் கதை. மீதி அடியில் இருக்கிறது. கொக்கியின் பின்புறமும் கையால் அடித்ததுதான், அதுவும் மேடுபள்ளம்தான். அடைகல்லின் மேல், அதாவது இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையின் மேல், வைத்து ஒரு ஓரத்தை விரலால் தட்டிப் பாருங்கள்: டக் டக்கென்று ஆடினால் அடியில் காற்று இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் அடித்தால் சுத்தியலின் விசையில் ஒரு பங்கு பொருளை வளைப்பதற்கே செலவாகும். அதோடு பொருள் துள்ளி எழும், பஞ்ச் ஒரு மயிரிழை நகர்ந்து மறுபடி உட்காரும். உங்களுக்கு வந்த இரட்டை எழுத்து பெரும்பாலும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டாவது பதிவு முதலதைவிட மெலிதாகத் தெரிவதும் அதற்குப் பொருந்துகிறது. எழுத்துக்கு நேர் கீழே இரும்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மரக்கட்டை, ரப்பர், மடித்த துணி எதுவும் கூடாது. அடைகல் இல்லாவிட்டால் கனமான இரும்புக் கட்டை ஒன்று போதும், அது தரையில் அசையாமல் உட்கார வேண்டும்.

இங்கேதான் வேலையின் வரிசை முக்கியமாகிறது. கொக்கியை வளைத்து முடித்த பிறகு அதன் தகட்டை அடைகல்லில் மட்டமாக வைக்க இடம் இருக்காது. வளைவு இடிக்கும், ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடிப்பீர்கள். இலையைக் குழித்து நரம்பு போட்ட பிறகும் இதே கதைதான். நான் செய்யும் வரிசை இது: முனையைக் கூராக்கி, தகட்டை விரித்து, கடைசிச் சூட்டில் எழுத்திடத்தை மட்டம் தட்டி, ஆறவிட்டு, சுத்தம் செய்து, எழுத்தடித்து, அதன் பிறகுதான் மறுபடி காய்ச்சி வளைப்பது. வளைக்கும் சூட்டைக் கொக்கியின் முனைப்பக்கம் மட்டும் கொடுத்தால் எழுத்து இருக்கும் தகடு சிவக்காமல் அப்படியே இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு: எழுத்து கெட்டுப்போனால் இழப்பு ஒரு தட்டைத் துண்டுதான், முடித்த கொக்கி அல்ல.

அடுத்தது செதில். உலையிலிருந்து வெளியே வந்த இரும்பின் மேல் சாம்பல் கலந்த கருப்பில் ஒரு படலம் படிந்திருக்கும். அது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு; இரும்பைவிடக் கடினம், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதன் மேல் பஞ்சை வைத்து அடித்தால் படலம் உடைந்து சில்லுகளாக எழுத்துக்குள்ளேயே புதையும். எழுத்தின் ஓரம் மங்கும், சில நாள் கழித்துச் சில்லு உதிர்ந்தால் ஓரம் பிய்ந்தது போலத் தெரியும், பஞ்சின் முகடும் சீக்கிரம் மழுங்கும். கம்பி பிரஷ் தளர்ந்த செதிலை மட்டும்தான் எடுக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் செதிலை நீக்க, சாதாரண வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டு, காலையில் தேய்த்துக் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்தால் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு தெரியும். அவசரம் என்றால் எழுத்திடத்தை மட்டும் அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துவிடலாம். நீங்கள் ஒத்திகை பார்த்த பட்டை உலைக்குள் போகவே இல்லை என்பதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது எந்த இரும்புக்கும் பொருந்தும், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வது உங்கள் இரும்பைப் பொறுத்தது. படத்தைப் பார்த்து அது என்ன இரும்பு என்று யாராலும் சொல்ல முடியாது. மைல்டு ஸ்டீல், அதாவது கரிமம் குறைந்த சாதாரண இரும்பு என்றால் கவலை இல்லை, காய்ச்சி எப்படி ஆறவைத்தாலும் எழுத்தடிக்கும் அளவுக்கு மென்மையாகவே இருக்கும். பழைய ஸ்பிரிங், வண்டி அச்சு, உளி, போல்ட் என்று கிடைத்ததை வைத்து அடித்திருந்தால் கதை வேறு. அவற்றில் கரிமம் அதிகம். சிவந்திருக்கும்போது தண்ணீரில் தோய்த்திருந்தால் இறுகிப் போயிருக்கும். ஸ்பிரிங் இரும்பு மெல்லிய துண்டாக இருந்தால் காற்றில் ஆறினாலே ஓரளவு இறுகிவிடும். சோதிக்க ஒரு பழைய அரம் போதும். அரம் கடித்து இழைத்தால் எழுத்தடிக்கலாம். கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் பஞ்சை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், உடையப்போவது பஞ்ச்தான். அப்படிப்பட்ட துண்டை, காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்குச் சற்று மேல் வரை, அதாவது ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, உலர்ந்த சாம்பலுக்குள் ஆழமாகப் புதைத்து, கை பொறுக்கும் வரை விட்டுவிடுங்கள். ஒரு இரவு ஆகலாம். செம்பில் இந்தப் பொறுமை தேவையில்லை. மங்கலாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் மென்மையாகவே இருக்கும், இரும்புக்காரர்கள் முதல்முறை இதைப் பார்க்கும்போது நம்புவதில்லை. துத்தநாகப் பூச்சுப் பூசிய இரும்பை மட்டும் எக்காரணம் கொண்டும் உலையில் வைக்க வேண்டாம், அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

இப்போது சூடா, குளிரா என்பதற்கு வருகிறேன். உங்கள் வேலைக்கு, அதாவது கடையில் வாங்கிய செட்டில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் எழுத்து இரண்டு மூன்று அடிக்க, ஆறிய பிறகு அடிப்பதுதான் சரி. ஆரஞ்சு நிறச் சூட்டில் இரும்பின் எதிர்ப்பு பல மடங்கு குறையும், ஒரு சின்னத் தட்டிலேயே பஞ்ச் ஆழமாக இறங்கும் என்பது உண்மை. ஆனால் கோடு கிழித்து இடம் பார்த்து வைக்க நேரம் இருக்காது. முதல் எழுத்தை அடித்துவிட்டு இரண்டாவது பஞ்சைத் தேடுவதற்குள் செதில் மூடிவிடும், நிறம் இறங்கிவிடும், இரண்டு எழுத்தும் வேறு வேறு ஆழத்தில் நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல் பஞ்சுக்கு. சாதாரண செட்டுகள் கரிம எஃகில் செய்து துவைச்சல் (சிவக்கக் காய்ச்சித் தோய்த்து இறுக்குவது) கொடுத்தவை; 200 டிகிரியைத் தாண்டும்போதே அந்த உறுதி இளகத் தொடங்கும். 900 டிகிரி இரும்பைத் தொட்டுக்கொண்டு நிற்பது பஞ்சின் உடல் அல்ல, அந்த மெல்லிய முகடு. அதுதான் முதலில் சூடேறும், முதலில் மழுங்கும். ஓர் அடிக்குப் பிறகு உடனே எடுத்துத் தண்ணீரில் ஆற்றினால் சில அடிகள் தாங்கும். எத்தனை என்பது பஞ்சின் தரத்தைப் பொறுத்தது. சூட்டில் அடிப்பது யாருக்கு என்றால், தன் பட்டறை முத்திரையைச் சூடு தாங்கும் எஃகில், ஹெச்13 போன்றதில், ஒரே கட்டையாகச் செய்து வைத்திருப்பவருக்கு. அவர் ஒரு குறி, ஓர் அடி, முடிந்தது என்று போய்விடுவார். பெரிய எழுத்து, 8 அல்லது 10 மில்லிமீட்டர், கனமான இரும்பில் வேண்டும் என்றாலும் சூடு தேவைப்படும். குளிரில் அந்த அளவுக்குக் கையால் முழு ஆழம் இறக்குவது கஷ்டம்.

இடம் குறிப்பதில் அவசரப்படாதீர்கள். மார்க்கர் பேனாவால் பூசி, அதன் மேல் ஊசிமுனையால் அடிக்கோடும் நடுக்கோடும் கிழியுங்கள். அடிக்கோட்டில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினால் பஞ்சின் முகம் அதில் இடித்து நிற்கும், விரலுக்கே தெரியும். சதுரத் தண்டுள்ள பஞ்ச் என்றால் ஒரு பட்டையை வைத்து கிளாம்ப் போட்டு, தண்டை அதில் சாய்த்துப் பிடிக்கலாம். ஆனால் விலை மலிந்த செட்டுகளில் எல்லா எழுத்தும் தண்டின் நடுவில் சரியாக இருப்பதில்லை. ஆகவே வாங்கியதுமே அந்தப் பட்டை ஓரமாக முழு செட்டையும் ஒரு தகட்டில் வரிசையாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள். எது ஏறி நிற்கிறது, எது சாய்கிறது என்று அந்தத் தகடு காட்டிக்கொடுக்கும். பஞ்சின் எந்தப் பக்கம் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதையும் அப்போதே கண்டு, கட்டைவிரல் படும் இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டால் தலைகீழ் எழுத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்று எழுத்து என்றால் நடுவெழுத்தை முதலில் அடித்து இரண்டு பக்கமும் போவது, இரண்டு என்றால் நடுக்கோட்டிலிருந்து சம தூரம். டபிள்யூவும் எம்மும் அகலம், ஐ ஒடுக்கம். அளவுகோல் சொல்லும் சம இடைவெளி கண்ணுக்குச் சமமாகத் தெரியாது. தாளில் ஒருமுறை பஞ்சை மையில் தொட்டு ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடிப்பது அரை நொடி வேலை. பஞ்சைக் கீழே, முகத்துக்கு அருகில் பிடித்து, சுண்டுவிரலைப் பொருளின் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். லேசாக முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் முகம் முழுதாகப் படிந்த இடத்தில் ஆட்டம் நிற்கும். அங்கே நிறுத்தி, நேர் செங்குத்தாக, ஒரே அடி. மைல்டு ஸ்டீலில் 3 மில்லிமீட்டர் எழுத்துக்கு ஒரு கிலோ சுத்தியல் தாராளம். எழுத்துக்கேற்ப அடியும் மாற வேண்டும்: ஐ ஒற்றைக் கோடு, எம் நான்கு கோடு; ஒரே விசையில் இரண்டையும் அடித்தால் ஐ குழியும், எம் மங்கும். ஆழம் போதவில்லை என்றால் மறுபடி அடிக்கலாம், இரட்டை விழாமல் அடிக்க வழி உண்டு. பஞ்சைப் பதிவின் மேல் வைத்து மெல்ல நகர்த்துங்கள், முகடு தன் பள்ளத்துக்குள் டக்கென்று விழுவது விரலில் தெரியும். அது தெரியாமல் இரண்டாவது அடி கூடவே கூடாது. பாதி விழுந்த எழுத்தையும் இப்படியே உட்காரவைத்து, விழாத பக்கம் துளி சாய்த்து அடித்தால் நிரப்பிவிடலாம். உங்களுடைய அந்த முதல் கொக்கியைக் காப்பாற்ற இது போதும் என்று நினைக்கிறேன். இரட்டை விழுந்ததை அரத்தால் அந்த ஆழம் வரை இழைத்து எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் அடிக்க வேண்டும். சுத்தியலால் தட்டி மூடினால் மூடினது போல் இருக்கும், மெருகு போட்டதும் பேய் போல மறுபடி தெரியும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். பஞ்சின் தலை காளான் போல விரிந்திருந்தால் கிரைண்டரில் இழைத்துவிட்டுத்தான் அடுத்த அடி, அந்த ஓரம் தெறித்தால் தோலுக்குள் போகும்.

எழுத்து விழுந்த பிறகு பொருள் கொஞ்சம் மாறியிருக்கும். ஒதுங்கிய இரும்பு எழுத்தின் ஓரங்களில் மெல்லிய கரையாக எழும்பும். உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி இரண்டு இழுப்பு இழுத்தால் கரை போய் எழுத்தின் விளிம்பு கூர்மையாகும். துணியையோ விரலையோ வைத்துத் தேய்த்தால் விளிம்பு உருண்டு மங்கிவிடும். மெல்லிய தகட்டில் எழுத்துப் பக்கம் நீண்டு, முனைகள் பின்னால் வளையும். மரத்தின் மேல் எழுத்தைக் கீழ்நோக்கி வைத்து, பின்புறத்தை மரச்சுத்தியலால் தட்டினால் நேராகும். விளிம்புக்கு அருகில் அடித்தால் ஓரம் வெளியே பிதுங்கும், ஆகவே குறைந்தது ஓர் எழுத்தின் உயரம் அளவுக்காவது உள்ளே தள்ளி அடியுங்கள். அல்லது விளிம்பை எழுத்தடித்த பிறகு கடைசியாகச் சீர்செய்யுங்கள்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், அடுத்து கத்தி செய்யப்போவதாக எழுதியிருப்பதால். கூர்மூலை உள்ள எந்தப் பள்ளமும் விசை குவிகிற இடம். சுவர்க்கொக்கியின் தகட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. பாரம் தொங்கும் கொக்கியின் வளைவில், வெளிப்புறத்தில், எழுத்து வேண்டாம். கத்தியில் துவைச்சலுக்கு முன்பு, மென்மையாக இருக்கும்போது, கைப்பிடிக்கு அருகில் கனமான இடத்தில் ஆழமில்லாமல் அடிப்பது நெடுநாள் வழக்கம், தோய்க்கும்போது அது பெரும்பாலும் தாங்கும். வெட்டுவாய்க்குப் பக்கத்தில் ஆழமாக அடித்தால் அங்கிருந்து விரிசல் ஓடலாம்; ஓடும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், எஃகையும் தோய்த்த விதத்தையும் பொறுத்தது, ஆனால் நான் அந்தப் பந்தயத்துக்கு வர மாட்டேன். துவைச்சல் முடிந்த பொருளுக்குப் பஞ்ச் கிடையவே கிடையாது. அதற்கு மின்னரிப்பு இருக்கிறது: எழுத்திடம் தவிர மற்ற இடத்தில் நகப்பூச்சு பூசி, பொருளை 9 அல்லது 12 வோல்ட் நேர்மின்சாரத்தின் பாசிட்டிவ் முனையோடு இணைத்து, நெகட்டிவ் முனையில் உப்புநீரில் நனைத்த பருத்திப் பஞ்சைச் சுற்றி ஒற்றி ஒற்றி எடுப்பது. அடிக்கடி எடுத்துப் பார்த்து, ஆழம் போதும் என்றானதும் நிறுத்துங்கள். வரும் வாயு நல்லதல்ல, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தால் மிஞ்சும் கழிவுநீரில் நச்சுள்ள குரோமியம் சேர்மங்கள் இருக்கும், சாக்கடையில் கொட்டக்கூடாது.

தமிழ் எழுத்தில் அடிக்க முடியுமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். முடியும், உழைப்பு அதிகம். எளிய வழி, நேர்கோட்டுப் பஞ்ச் இரண்டு நீளத்தில், வளைவுப் பஞ்ச் இரண்டு அளவில், ஒரு புள்ளிப் பஞ்ச் என்று வைத்துக்கொண்டு எழுத்தைத் துண்டு துண்டாகக் கட்டுவது. ‘ப’வும் ‘ட’வும் கோடுகளாலேயே வந்துவிடும், ‘ம’வுக்கும் ‘க’வுக்கும் வளைவு வேண்டும், ‘ஜ’வும் ‘இ’யும் பொறுமையைச் சோதிக்கும். ஒரே எழுத்தைப் பலமுறை அடிக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கென்றே பஞ்ச் செய்யுங்கள். எஃகுக் கம்பியின் முனையை மட்டமாக்கி, எழுத்தை இடவலம் மாற்றி வரைந்து, அரத்தாலும் சிற்றுளியாலும் சுற்றியுள்ளதை எடுத்துவிட்டு, துவைச்சல் கொடுத்து, மறுபடி லேசாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். செதுக்கும்போது சரியாக வருகிறதா என்று பார்க்க, அந்தக் காலத்தில் அச்செழுத்து வெட்டியவர்கள் செய்ததையே செய்யலாம்: முகத்தை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரிபிடிக்க வைத்து, வழுவழுப்பான தாளில் அழுத்தினால் எழுத்து நேராக, ஒவ்வொரு பிசிறும் தெரியும்படி விழும். துவைச்சல் கொடுத்த பிறகு திருத்துவது பெரும்பாடு, ஆகவே இந்தப் புகைப்படி எத்தனை எடுத்தாலும் தகும்.

பெறுபவரின் எழுத்து முன்பக்கம், செய்தவரின் குறி பின்பக்கம் என்று பிரித்துவைத்தால் நல்லது. லண்டன் பொற்கொல்லர்கள் தத்தம் குறியைப் பதித்தே தீர வேண்டும் என்று 1363ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது, தரத்துக்கு யார் பொறுப்பு என்று தெரிய. உங்கள் கொக்கியில் சட்டம் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு குறியும் ஒரே பக்கம் இருந்தால் எது யாருடைய பெயர் என்று பார்ப்பவர் குழம்புவார்.

மெருகு கடைசி. பொருளைக் கைபட்டால் சுடும் அளவுக்கு மட்டும், நிறம் மாறாத சூட்டுக்குக் காய்ச்சி, தேன்மெழுகையோ ஆளிவிதை எண்ணெயையோ துணியில் தொட்டுத் தேயுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம், தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். எழுத்து எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் மெழுகுக்கு முன்பு கருமையேற்றும் திரவத்தைப் பூசி, காய்ந்ததும் மேற்பரப்பை மட்டும் கட்டையில் சுற்றிய நுண் உப்புத்தாளால் ஓர் இழுப்பு இழுத்தால் பள்ளத்தில் கருப்பு நிற்கும். மெழுகு எழுத்தின் உள்ளேயும் போயிருக்க வேண்டும், அதனால் பழைய பல் பிரஷ்ஷால் ஒருமுறை குத்தித் தேய்த்துவிடுங்கள். வினிகரில் ஊறிய இரும்பு முதலில் துருப்பிடிப்பது அந்தப் பள்ளத்தின் மூலைகளில்தான்.